சோற்றுப் பானையில் ஓர் அறிவியல் வரலாறு

சிரம்பான் நகரின் கிழக்கே, கோலா பிலா செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் அம்பாங்கான். இன்று அங்கே வீடமைப்புப் பகுதிகளும் கடைவரிசைகளும் பள்ளிகளும் நிறைந்திருக்கின்றன. சென்ற நூற்றாண்டில் சிரம்பான் வட்டாரத்தின் முகம் வேறு. எங்கு நோக்கினும் ரப்பர்த் தோட்டங்கள். தோட்டத்தின் நடுவே லயத்து வீடுகள். இருள் பிரியுமுன் பெரட்டுக்குக் கூடும் தொழிலாளர்கள். அவர்களின் அடுப்பில் அன்றாடம் வெந்தது புழுங்கல் அரிசிச் சோறு. உலக மருத்துவ வரலாற்றில் அந்தச் சோற்றுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த வரலாற்றின் முக்கியமான சில பக்கங்கள் நெகிரி செம்பிலான் மண்ணிலேயே எழுதப்பட்டன.

இந்தச் செய்தி அம்பாங்கான் மாணவர்களுள் பலருக்குப் புதிதாகவே இருக்கும். அறிவியல் என்றவுடன் அவர்களின் நினைவுக்கு வருபவர்கள் நியூட்டன், ஐன்ஸ்டைன், மேரி கியூரி போன்றோர். கண்டுபிடிப்பு என்பது எங்கோ குளிர்நாட்டில், வெள்ளை அங்கி அணிந்தவர்கள் செய்வது என்ற எண்ணமும் பரவலாக உண்டு. சொந்த ஊரில் நடந்த அறிவியலைப் பற்றி ஒருவரும் சொல்லாதபோது, அறிவியல் தங்களுக்குரியதன்று என்று பிள்ளைகள் நினைப்பதில் வியப்பில்லை. ஆகவே, அறிவியலின் வரலாற்றை ஆராய்வதும், பள்ளியில் கற்பிப்பதும், பொதுமக்களிடம் கொண்டு சேர்ப்பதும் சொந்த மண்ணிலிருந்தே தொடங்க வேண்டும். இதற்குப் பெரிபெரி நோயின் கதையே தக்க சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவை வாட்டிய நோய்களுள் பெரிபெரியும் ஒன்று. ஒருவகைப் பெரிபெரியில் கால்கள் மரத்துப்போய் நடை தளரும். மற்றொரு வகையில் உடல் வீங்கி, மூச்சுத் திணறி, இதயம் செயலிழக்கும். ஈயச் சுரங்கங்களிலும் சிறைச்சாலைகளிலும் மனநோய் மருத்துவமனைகளிலும் இந்நோய் கொத்துக் கொத்தாக மனிதரைக் கொன்றது. நேற்றுவரை உழைத்தவர் இன்று எழுந்து நிற்க முடியாமல் கிடப்பார். காரணம் மட்டும் எவருக்கும் விளங்கவில்லை.

அக்காலம் கிருமிகளின் காலம். காசநோய், வாந்திபேதி முதலிய நோய்களுக்குக் கிருமிகளே காரணம் என்று அடுத்தடுத்து மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. ஆதலால், பெரிபெரியும் ஒரு கிருமியால்தான் பரவுகிறது என்று மருத்துவர் பலர் நம்பினர். 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. வெப்பமண்டல நோய்களை ஆராய்வதே அதன் நோக்கம். அதன் முதல் இயக்குநரான ஹாமில்டன் ரைட் என்பவரும் பெரிபெரியைத் தொற்றுநோய் என்றே கருதினார். ஆராய்ச்சிக் கூடம் இருந்தது, நுண்ணோக்கி இருந்தது, படித்தவர்களும் இருந்தனர். ஆயினும், தேடிய திசை தவறாக இருந்தது.

இந்நிலையில் வேறு திசையில் நோக்கியவர் வில்லியம் லெனார்ட் பிராடன். அவர் நெகிரி செம்பிலானில் மாநில மருத்துவராகப் பணியாற்றியவர். மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளை அவர் கூர்ந்து கவனித்தார். ஒரே மழை, ஒரே வெயில், ஒரே கொசுக்கடி. ஆனாலும், பெரிபெரி எல்லாரையும் ஒன்றுபோல் தாக்கவில்லை. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் பெருமளவில் நோயுற்றனர். கிராமத்து மலாய்க்காரர்களிடம் நோய் அரிதாகவே காணப்பட்டது. தோட்டங்களிலும் சாலைப் பணிகளிலும் உழைத்த தமிழர்களிடமும் அது மிகக் குறைவு. தமிழர்களும் வறியவர்களே, நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களே. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

பிராடனின் பார்வை சோற்றின் மீது விழுந்தது. சீனத் தொழிலாளர்கள் உண்டது, ஆலையில் நன்றாகத் தீட்டப்பட்டுச் சயாம் முதலிய நாடுகளிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது கையால் குத்தி உண்டனர். தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. இனமோ குருதியோ காரணமன்று. தட்டில் இருக்கும் அரிசியே காரணமாகலாம் என்று அவர் வாதிட்டார். பெரிபெரியின் காரணத்தையும் தடுப்பையும் பற்றிய அவரது பெரிய ஆங்கில நூல் 1907ஆம் ஆண்டில் வெளிவந்தது.

புழுங்கல் அரிசியின் செய்முறை தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் எல்லாரும் அறிந்தது. நெல்லை உமியோடு ஊறவைப்பர். பிறகு அண்டாவிலிட்டு அவிப்பர். வெயிலில் உலர்த்திய பின்னரே உமியை நீக்குவர். நெல்லை அப்படி ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி நீரோடு கலந்து அரிசியின் உட்புறத்துக்குச் செல்கிறது. அரிசியும் இறுகுகிறது. அதனால் பின்னர் ஆலையில் தீட்டினாலும் அந்தச் சத்து முழுவதும் தவிட்டோடு போய்விடுவதில்லை. பச்சரிசியைத் தீட்டும்போதோ, மேற்படலத்தோடு அச்சத்தும் நீங்கிவிடுகிறது. இந்த விளக்கம் இன்று பாடநூல் அளவில் எளிது. அன்று அது பிராடனுக்கும் தெரியாது. சேமித்து வைத்த பச்சரிசியில் பூஞ்சையால் ஒரு நஞ்சு உண்டாகிறது என்றும், அந்த நஞ்சே பெரிபெரியைத் தருகிறது என்றும் அவர் எண்ணினார். அரிசியைச் சுட்டிக்காட்டியது சரி; நஞ்சு என்றது பிழை.

பிராடனின் கருத்தைப் பலர் ஏற்கவில்லை. கவனித்ததை வைத்து ஊகிப்பது வேறு. சோதித்து மெய்ப்பிப்பது வேறு. அந்தச் சோதனையைக் கோலாலம்பூரில் செய்தவர் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பெரிபெரி பலரைப் பலிகொண்டிருந்தது. அங்கே முற்றத்தின் இரு பக்கங்களிலும் ஒன்றுபோல் கட்டப்பட்ட இரண்டு விடுதிகள் இருந்தன. 1905ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், நோயாளிகள் அனைவரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்து எண்ணினர். ஒற்றைப்படை எண் பெற்றவர்கள் கிழக்கு விடுதிக்குச் சென்றனர். இரட்டைப்படை எண் பெற்றவர்கள் மேற்கு விடுதிக்குச் சென்றனர். ஒற்றைப்படையினருக்கு வழக்கமான சயாம் பச்சரிசி. இரட்டைப்படையினருக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவுகளில் எந்த மாற்றமும் இல்லை.

இந்த ஏற்பாட்டின் சிறப்பை மாணவர்கள் உற்றுநோக்க வேண்டும். எவருக்கு எந்த அரிசி என்பதை மருத்துவரின் விருப்பம் முடிவு செய்யவில்லை. இனமோ வயதோ முடிவு செய்யவில்லை. வரிசையில் கிடைத்த எண்ணே முடிவு செய்தது. விடுதியின் தரையிலோ சுவரிலோ கிருமி இருக்குமோ என்ற ஐயமும் எழுந்தது. அதைத் தீர்க்க, ஆண்டின் நடுவில் இரு பிரிவினரையும் விடுதி மாற்றினர். உண்ணும் அரிசி மட்டும் மாறவில்லை. இடம் மாறிய பின்னும் நோய் பச்சரிசி உண்டவர்களையே பின்தொடர்ந்தது.

1906ஆம் ஆண்டின் இறுதியில் கணக்கெடுத்தபோது வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. பச்சரிசி உண்ட 120 பேருள் பலர் பெரிபெரிக்கு ஆளாயினர்; 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேருள் இருவரிடம் மட்டுமே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். அப்பிரிவில் பெரிபெரியால் எவரும் இறக்கவில்லை. 1907ஆம் ஆண்டில் பிளெட்சர் இம்முடிவுகளை இலண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார். அப்போதும் அவர் அவசரப்பட்டு முடிவு கூறவில்லை. அரிசியில் நஞ்சு இருக்கலாம்; புரதம் குறைவாக இருக்கலாம்; அல்லது சத்துக் குறைவால் உடல் தளர்ந்து கிருமிக்கு இடம் கொடுக்கலாம் என்று மூன்று வாய்ப்புகளையும் திறந்தே வைத்தார்.

அடுத்த கட்டம் மீண்டும் நெகிரி செம்பிலானில் நிகழ்ந்தது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசர், தாமஸ் ஸ்டேன்டன் ஆகிய இருவரும் ஜெலுபு மாவட்டத்திலுள்ள டுரியான் திப்புஸ் என்னும் இடத்தைத் தேர்ந்தெடுத்தனர். அங்கே காட்டை ஊடறுத்துச் சாலை அமைக்கும் பணி நடந்துகொண்டிருந்தது. சாவகத்திலிருந்து வந்த சுமார் 300 தொழிலாளர்கள் அப்பணியில் ஈடுபட்டிருந்தனர். மக்கள் நெரிசலிலிருந்து விலகிய புதிய இடம் என்பதால் பழைய தொற்று எதுவும் அங்கே இருக்க வாய்ப்பில்லை. ஒரு பிரிவினருக்கு வெள்ளை அரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் வழங்கப்பட்டன. சில மாதங்களில் வெள்ளை அரிசி உண்டவர்களிடம் பெரிபெரி தோன்றியது. அவ்வரிசியை நிறுத்தியதும் நோய் பரவுவது நின்றது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது, முன்பு நலமாக இருந்த பிரிவினரிடம் நோய் தோன்றியது.

1909ஆம் ஆண்டில் அவர்களது ஆய்வறிக்கை வெளிவந்தது. அரிசியைத் தீட்டும்போது நீக்கப்படும் தவிட்டில்தான் உடலைக் காக்கும் பொருள் உள்ளது என்பதை அவர்கள் தொடர்ந்து நிறுவினர். நஞ்சு சேர்வதால் நோய் வரவில்லை. வேண்டிய ஒன்று இல்லாமையால் நோய் வருகிறது. 1910ஆம் ஆண்டில் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியை முதன்மை உணவாகக் கொள்வதற்கும் பெரிபெரிக்கும் தொடர்புண்டு என்பதை ஏற்றுக்கொண்டது. ஒரு கிருமியைத் தேடித் தொடங்கிய பயணம் ஒரு பிடித் தவிட்டில் வந்து முடிந்தது.

இந்தக் கதை மலாயாவில் மட்டும் நடந்ததன்று. ஜப்பானியக் கடற்படை மருத்துவர் தகாக்கி கனேஹிரோ 1880களிலேயே கடற்படையினரின் உணவை மாற்றிப் பெரிபெரியைக் குறைத்தார். புரதக் குறைவே காரணம் என அவர் எண்ணியது பிழை. உணவே காரணம் என எண்ணியது சரி. பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜாக்கர்த்தாவில், டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான் கோழிகளை வைத்து ஆராய்ந்தார். மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. புதிதாக வந்த சமையற்காரர் இராணுவ மருத்துவமனைச் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்தார். தீட்டாத அரிசியைத் தின்னத் தொடங்கிய கோழிகள் தேறின. ஐக்மானும் முதலில் அரிசியில் நஞ்சு உள்ளது என்றே கருதினார். அவருக்குப் பின் வந்த கெரித் கிரைன்ஸ் 1901ஆம் ஆண்டில், தேவையான ஒரு பொருள் உணவில் குறைவதே காரணம் என்று விளக்கினார்.

1912ஆம் ஆண்டில் கசிமிர் ஃபுங்க் இத்தகைய பொருள்களுக்குச் சூட்டிய பெயரே இன்று 'வைட்டமின்' என வழங்குகிறது. 1926ஆம் ஆண்டில் யான்சன், டோனாத் ஆகிய இருவரும் பத்தாவியாவில் அரிசித் தவிட்டிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்தனர். தயமின் அல்லது வைட்டமின் பி1 என்பது அதுதான். 1929ஆம் ஆண்டில் ஐக்மானுக்கும் இங்கிலாந்தின் ஹாப்கின்ஸுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டின் குன்னூரிலும் இவ்வாராய்ச்சி தொடர்ந்தது. அங்கே 1918ஆம் ஆண்டில் மக்காரிசன் பெரிபெரி பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, இன்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

இத்தனை செய்திகளும் அறிவியல் பாடநூலில் 'வைட்டமின் பி1 குறைவால் பெரிபெரி வரும்' என்ற ஒரே வரியாகச் சுருங்கிவிடுகின்றன. மாணவர் அந்த வரியை மனனம் செய்கிறார், தேர்வில் எழுதுகிறார், பின்னர் மறந்துவிடுகிறார். விடை கையில் கிடைக்கிறது. அவ்விடையை அடைந்த வழி மறைந்துபோகிறது. அறிவியலின் உயிர் அந்த வழியில்தான் இருக்கிறது. ஐயம் எழுந்தது எப்படி, அதைச் சோதித்தது எப்படி, பிழை திருந்தியது எப்படி என்பதை அறிந்த மாணவரே நாளை தாமும் ஒரு கேள்வியை எழுப்பத் துணிவார்.

பிழையைப் பற்றிய பாடம் குறிப்பிடத்தக்கது. கிருமி என்றவர், நஞ்சு என்றவர், புரதம் என்றவர் எல்லாரும் அறிஞர்களே. ஆயினும், ஒவ்வொருவரும் ஓரளவு தவறினர். ஒருவரின் தவற்றை மற்றொருவர் திருத்தினார். ஒருவர் பாதி கண்டதை மற்றொருவர் நிறைவு செய்தார். வகுப்பில் தவறான விடை சொல்ல அஞ்சி வாய் திறக்காத மாணவர்கள் இதை அறிய வேண்டும். சரிபார்க்க மறுக்கும் பிடிவாதமே அறிவியலுக்குப் பகை.

இவ்வரலாறு வீண் பெருமைக்கும் இடம் தருவதில்லை. 'நம் முன்னோர் எல்லாவற்றையும் அன்றே அறிந்திருந்தனர்' என்று மேடைகளில் முழங்குவது இன்று வழக்கமாகிவிட்டது. புழுங்கல் அரிசி உண்ட தோட்டத் தமிழர்கள் வைட்டமினை அறிந்தவர்களல்லர். அவ்வரிசி அவர்களுக்குப் பழகிய உணவு, வயிற்றுக்கு ஏற்ற உணவு, ஆகவே உண்டனர். அப்பழக்கம் அவர்களைக் காத்தது என்பது உண்மை. அதன் காரணத்தைக் கண்டறிந்தது சோதனையே என்பதும் உண்மை. மரபை இகழ்பவர் முதல் உண்மையை இழக்கிறார். மரபைப் புகழ்வதோடு நின்றுவிடுபவர் இரண்டாவது உண்மையை இழக்கிறார். மரபில் உள்ளதை மதித்து ஆராய்வதே பயன்தரும் வழி.

வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் மறைத்தல் ஆகாது. பிளெட்சரின் சோதனையில் பங்கேற்றவர்கள் மனநோயாளிகள். சம்மதம் தரவோ மறுக்கவோ அவர்களால் இயலவில்லை. அவர்களுள் 18 பேர் உயிரிழந்தனர். டுரியான் திப்புஸில் சாலை அமைத்தவர்களோ பிழைப்புத் தேடி வந்த கூலித் தொழிலாளர்கள். பிராடன், பிளெட்சர், பிரேசர், ஸ்டேன்டன் என மருத்துவர்களின் பெயர்கள் நூல்களில் நிலைத்துள்ளன. தங்கள் உடலையே சோதனைக்குக் கொடுத்தவர்களின் பெயர்களைச் சொல்வார் இல்லை. இன்று மனிதரை வைத்து எந்த மருத்துவச் சோதனை நடத்தினாலும் அவரது சம்மதம் கட்டாயம். அந்த விதி எவ்வளவு தேவையானது என்பதை இப்பழைய கதை உணர்த்துகிறது.

காலனித்துவ ஆட்சியின் நோக்கத்தையும் சிலர் சுட்டிக்காட்டுவர். சுரங்கமும் தோட்டமும் தடையின்றி நடக்கவே ஆட்சியாளர் தொழிலாளரின் உடல்நலத்தில் அக்கறை காட்டினர் என்பது அவர்களது வாதம். இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. நோயுற்ற தொழிலாளியால் ஈயம் தோண்ட முடியாது. பால்மரமும் வெட்ட முடியாது. ஆனால், அக்காரணத்தால் இவ்வரலாற்றை ஒதுக்கிவிட்டால், தொழிலாளர்களின் பங்கும் சேர்ந்தே மறைந்துவிடும். ஆய்ந்து எழுதினால்தான் யார் பயன்பெற்றனர், யார் விலை கொடுத்தனர் என்பது வெளிப்படும்.

தேர்வுக்கு வராத செய்திகளைக் கற்பிக்க நேரம் எங்கே என்று ஆசிரியர் சிலரும் பெற்றோர் சிலரும் கேட்கலாம். இக்கேள்வி நியாயமானதே. ஆயினும், பிளெட்சரின் சோதனையை விளக்க ஒரு பாடவேளை போதும். மாறாமல் வைக்கப்பட்டவை யாவை, மாற்றப்பட்டது எது, விடுதிகளை ஏன் மாற்றினர் என்ற கேள்விகளுக்கு மாணவர்கள் குழுவாக விடை தேடலாம். அறிவியல் பாடத்தில் கற்கும் மாறிகள், கருதுகோள், கட்டுப்பாட்டுக் குழு ஆகிய அனைத்தும் அந்த ஒரு கதையில் அடங்கியுள்ளன. அதே கதையை வரலாற்றுப் பாடத்தில் குடியேற்றத்தோடும், தமிழ்ப் பாடத்தில் கட்டுரையோடும் இணைக்கலாம். மேலதிகச் சுமையாகத் தோன்றும் இதுவே பல பாடங்களை இணைக்கும் பாலமாக அமையும்.

கற்பிப்பதற்கு முன் ஆராய்ச்சி வேண்டும். எழுதப்பட்ட சான்றுகள் பெரும்பாலும் மருத்துவர்களும் அதிகாரிகளும் எழுதியவை. தோட்டத்து மக்கள் என்ன உண்டனர், படி அரிசி எப்படி வழங்கப்பட்டது, தோட்ட மருத்துவமனையில் என்ன நடந்தது என்பவை முதியோரின் நினைவில்தான் உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது அம்மக்கள் பல ஊர்களுக்குச் சிதறிப்போயினர். லயத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறை முதுமையை எட்டிவிட்டது. அவர்கள் மறைந்தால் அவர்களோடு ஒரு நூலகமே மறையும். அம்பாங்கானில் வாழும் ஒரு மாணவர் தம் பாட்டியிடம் அமர்ந்து, 'அப்போது என்ன அரிசி சமைத்தீர்கள்? நெல் அவித்துப் பார்த்திருக்கிறீர்களா?' என்று கேட்டு எழுதி வைத்தால், அதுவும் ஆராய்ச்சியின் தொடக்கமே.

ஆராய்வதற்குப் பெரிபெரி மட்டும்தான் உண்டு என்பதில்லை. கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், நீர் தேங்கும் இடங்களில் வடிகால் அமைத்துக் கொசுவை ஒழித்து மலேரியாவைக் குறைத்த வரலாறு இருக்கிறது. சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, பால்மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்த வரலாறு இருக்கிறது. அம்முறையைத் தங்கள் கைத்திறனாக்கி, பட்டையின் ஆழத்தை விரல் நுனியால் அறிந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். வடிகால் வெட்டியதும் அவர்களே. வடிகாலுக்கும் பால்வெட்டும் கத்திக்கும் பின்னால் அறிவியலும் உழைப்பும் சேர்ந்தே நிற்கின்றன.

ஆராய்ந்ததும் கற்பித்ததும் பள்ளிச் சுவருக்குள் நின்றுவிடக் கூடாது. பொதுமக்களுக்கும் அது சென்று சேர வேண்டும். அதற்குப் பெரிய மண்டபமோ பெருஞ்செலவோ தேவையில்லை. பள்ளியின் அறிவியல் விழாவில் நெல், உமி, தவிடு, பச்சரிசி, புழுங்கல் அரிசி ஆகியவற்றை ஐந்து கிண்ணங்களில் வைத்து, இக்கதையைச் சொல்லும் பதாகை ஒன்றைத் தொங்கவிட்டாலே போதும். பார்ப்பவர் நின்று கேட்பர். கோயில் மண்டபங்களிலும் பொது நூலகங்களிலும் அத்தகைய கண்காட்சியை நடத்தலாம். தமிழ் நாளிதழ்களின் மாணவர் பகுதிகளும் வானொலி நிகழ்ச்சிகளும் இதற்கு உதவலாம். சிரம்பானில் மாநில அருங்காட்சியகம் உள்ளது. ஆட்சியாளர், குடிமக்கள், பண்பாடு ஆகியவற்றின் வரலாற்றோடு இந்த மாநிலத்தின் அறிவியல் வரலாற்றுக்கும் அங்கே ஒரு மூலை ஒதுக்கப்பட்டால் அது பொருத்தமாக இருக்கும்.

வெளிநாட்டு அறிஞர்கள் இவ்வரலாற்றின் மதிப்பை அறிந்துள்ளனர். மருத்துவச் சோதனைகளின் வரலாற்றைத் தொகுத்துவரும் ஜேம்ஸ் லிண்ட் நூலகம், பிளெட்சரின் கோலாலம்பூர்ச் சோதனையைக் குறிப்பிடத்தக்க ஆவணமாகப் பாதுகாத்து வருகிறது. 1747ஆம் ஆண்டில் 12 மாலுமிகளை வைத்து, எலுமிச்சையும் ஆரஞ்சும் ஸ்கர்வி நோயைத் தீர்க்கும் என்று சோதித்துக் காட்டியவர் ஜேம்ஸ் லிண்ட். அவரது கதை உலகெங்கும் பள்ளிகளில் சொல்லப்படுகிறது. அதற்கு நிகரான கதை ஒன்று கோலாலம்பூரிலும் நெகிரி செம்பிலானிலும் நடந்திருக்க, மலேசிய மாணவர் அதை அறியாமல் இருப்பது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போன்றதாகும்.

அம்பாங்கானில் இன்று பெரிபெரிக்கு அஞ்சுபவர் எவரும் இலர். சோற்றோடு பருப்பும் காய்கறியும் மீனும் முட்டையும் உண்ணும் மக்களுக்கு அந்நோய் வருவது அரிது. அச்சம் நீங்கியதால் கதையும் மறந்துபோயிற்று. ஆனால், ஒரு நோய் மறைந்ததற்குப் பின்னால் இருந்த உழைப்பையும் உயிரிழப்பையும் மறப்பது நன்றியுடைமை ஆகாது. வீட்டில் புழுங்கல் அரிசி உலையில் கொதிக்கும்போது எழும் மணம் பழைய தலைமுறைக்குத் தோட்டத்தை நினைவூட்டும். இளைய தலைமுறைக்கு அது ஒரு கேள்வியையும் நினைவூட்ட வேண்டும். 'ஒரே இடத்தில் வாழ்ந்த மக்களுள் சிலருக்கு மட்டும் ஏன் நோய் வரவில்லை?' என்று சிரம்பானில் ஒரு மருத்துவர் அன்று கேட்டது அக்கேள்வியைத்தான். அத்தகைய கேள்வியைக் கேட்கும் மாணவர்களை உருவாக்குவதே அறிவியல் வரலாற்றைக் கற்பிப்பதன் பயன்.